சக மாணவரின் வாதக் கட்டுரைக்குக் கருத்து எழுதுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே இது வந்துவிடும். எல்லாரும் ஒரு வாதக் கட்டுரை எழுதுவீர்கள். அப்புறம் ஆசிரியர் கட்டுரைகளை மாற்றிக் கொடுத்து, “பக்கத்தில் இருப்பவருடையதைப் படித்துக் கருத்து எழுதி, திங்கட்கிழமை கொண்டு வாருங்கள்” என்பார். எப்படிப் படிப்பது, எதைப் பற்றி எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நாகர்கோவிலில் இளங்கலை படித்தபோதும் பிறகு பி.எட். படித்தபோதும் இந்த வேலையை நான் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். என் கட்டுரைக்கு வந்த கருத்துகளும் உதவவில்லை. ஒரு தாளில் “நல்லாயிருக்கு மக்கா” என்று மட்டும் இருந்தது. இன்னொன்றில் பக்கமெங்கும் சிவப்பு மையில் ஒற்றெழுத்துத் திருத்தங்கள். நான் சொன்ன வாதம் நிற்கிறதா, விழுகிறதா என்று ஒரு வரிகூட இல்லை. குமரி மாவட்டத்தில் இப்போது கல்லூரிக்குள் நுழையும் தம்பி தங்கைகள் அதே பாட்டைப் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு உங்களுக்குக் கிடையாது. படிக்கும்போது எந்த இடத்தில் நம்பினீர்கள், எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனது, ஏன் விட்டுப்போனது என்று எழுதியவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டால் திருத்த வேண்டியதை அவரே திருத்திக்கொள்வார்.

1. கட்டுரையோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டியவை

கட்டுரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, ஆசிரியர் கொடுத்த தலைப்பு, அவர் சொன்ன சொற்படியே. “மீன்பிடித் தடைக்காலம் பற்றிக் கட்டுரை” என்பதும் “மீன்பிடித் தடைக்காலம் தொடர வேண்டுமா? உங்கள் நிலைப்பாட்டை நிறுவுக” என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்குத் தகவல் போதும், இரண்டாவதற்கு வாதம் வேண்டும். தலைப்பு தெரியாமல் படித்தால் இந்த வித்தியாசமே கண்ணில் படாது.

இரண்டாவது, மதிப்பெண் பிரிப்பு. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஆசிரியர் தாள் கொடுத்திருந்தால் அதில் ஒரு நகல். கொடுக்கவில்லையென்றால் வகுப்பு முடிந்ததும் போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம். “சார், வாதத்துக்கு எவ்வளவு, சான்றுக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு?” என்று கேட்டால் எந்த ஆசிரியரும் கோபப்பட மாட்டார். பலர் அப்போதுதான் யோசித்துச் சொல்வார்கள், அது வகுப்பு முழுவதற்கும் உதவும்.

மூன்றாவது, கட்டுரையின் தாள் பிரதி. கைப்பேசியில் படித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் நான்கு பக்கம் ஓடும் ஒரு வாதத்தைச் சின்னத் திரையில் தள்ளித் தள்ளிப் படிக்கும்போது முதல் பக்கத்தில் சொன்னது கடைசிப் பக்கத்தில் மறந்துவிடும். நகலெடுக்கப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய், கணினியிலிருந்து அச்செடுத்தால் கொஞ்சம் கூடுதல். சாதாரணக் கட்டுரைக்கு இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். இருவரும் அவரவர் கட்டுரைக்கு அவரவர் செலவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சின்னப் பணம்தான், ஆனால் பேசாமல் விட்டால் சங்கடம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் எழுத இடம் வேண்டும்.

நான்காவது, எழுதியவரின் ஒரு வரி வேண்டுகோள். “எந்த இடம் உனக்கே சந்தேகமாக இருக்கிறது?” என்று கேட்டு, அவர் சொல்வதைக் கட்டுரையின் தலையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலரும் “எல்லாம் பாரு” என்பார்கள். விடாதீர்கள். ஒரு இடத்தையாவது சொல்ல வையுங்கள். அந்த ஒரு வரி உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

இங்கே சில பொறிகள் உண்டு. டிடிபி கடையில் தட்டச்சு செய்த கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால், உங்கள் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பதுபோல் தெரியும். பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள், பிரச்சினை தீரும். கையெழுத்துக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினால் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கும், பக்க வரிசையும் மாறியிருக்கும். வாங்கியவுடனே எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மூன்றாம் பக்கம் இல்லை என்று கண்டுபிடித்துப் பயனில்லை. கூகுள் டாக்ஸில் பகிர்ந்தால், கருத்து மட்டும் எழுதும் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். திருத்தும் அனுமதி இருந்தால் விரல் பட்டு அவருடைய வரி அழிந்துபோகலாம்.

2. நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

ஆயிரம் சொல் கட்டுரைக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதல் வாசிப்பு ஒரு நாள், குறிப்பெடுக்கும் வாசிப்பு மறுநாள், கருத்துத்தாள் எழுதுவது அதே நாளிலோ அடுத்த நாளிலோ.

மார்த்தாண்டத்திலிருந்தோ தக்கலையிலிருந்தோ பேருந்தில் வந்து போகிறவர்கள் முதல் வாசிப்பைப் பயணத்திலேயே முடிக்கலாம், உட்கார இடம் கிடைத்தால். குறிப்பெடுக்கும் வாசிப்புக்கு மேசை வேண்டும்.

எழுதியவர் இறுதிப் பிரதியை ஒப்படைக்கும் நாளுக்கு மூன்று நாளாவது முன்னதாக உங்கள் கருத்து அவர் கைக்குப் போக வேண்டும். முந்தின நாள் ராத்திரி கொடுக்கும் கருத்தால் அவருக்குத் தூக்கம் போவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று அப்போது தெரிந்து அவர் என்ன செய்ய முடியும்?

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு. உள்மதிப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது மழையில்தான் மாட்டும். மின்சாரம் போய் நகலகம் நிற்கும், திடீரென்று விடுமுறை அறிவிப்பார்கள், தேதி நகரும். தாள்களை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். தேதி நகரும் என்று நம்பி வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

3. முதல் வாசிப்பு: கையில் பேனா வேண்டாம்

முதல்முறை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் படியுங்கள். பேனாவைப் பையிலேயே விட்டுவிடுங்கள். கையில் இருந்தால் முதல் பத்தியிலேயே ஒரு ‘ப்’ விடுபட்டிருப்பதைப் பார்த்து வட்டம் போடுவீர்கள், அப்புறம் கட்டுரை முழுக்க எழுத்துப்பிழை மட்டும்தான் தெரியும்.

படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இந்தக் கட்டுரை என்னை எதை ஏற்கச் சொல்கிறது?

அதை எழுத முடிந்தால், கட்டுரையின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா? முதல் பத்தியில் ஒன்று சொல்லி, கடைசிப் பத்தியில் வேறொன்றை முடிவாகச் சொல்லும் கட்டுரைகள் நிறைய வரும். எழுத எழுத அவருடைய எண்ணம் மாறியிருக்கும், முதல் பத்தியை மாற்ற மறந்திருப்பார். அது எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

அந்த வாக்கியத்தை எழுதவே முடியவில்லையென்றால், அதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் கருத்து. உங்களுக்குப் புரியும் திறமை இல்லை என்று நினைத்துக்கொண்டு மறைக்காதீர்கள்.

எது வாதம், எது வெறும் தலைப்பு என்பதற்கு ஓர் உதாரணம். “குமரி மாவட்டத்தில் ரப்பர் விவசாயம்” என்பது தலைப்பு. “ரப்பர் விவசாயத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு” என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால் அதுவும் வாதம் ஆகாது. “மழையால் பால் வெட்ட முடியாத நாள்களுக்குத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு பகுதிக் கூலியாவது கொடுக்க வேண்டும்” என்றால் அது வாதம். தோட்டக்காரர் ஒருவர் எழுந்து “எப்படி முடியும்?” என்று கேட்கலாம். அப்படிக் கேட்க ஒருவர் இருந்தால்தான் கட்டுரைக்கு வேலை இருக்கிறது.

4. இரண்டாம் வாசிப்பு: ஓரத்தில் மூன்று அடையாளம்

இப்போது பென்சிலை எடுங்கள். பேனா வேண்டாம், சிவப்பு மை அறவே வேண்டாம். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், வாதம் சொல்லும் வரிக்கு ‘வா’, காரணம் சொல்லும் வரிக்கு ‘கா’, சான்று கொடுக்கும் வரிக்கு ‘சா’ என்று குறியுங்கள். நீங்கள் படித்துக்கொண்டே வந்து, புரியாமலோ நம்ப முடியாமலோ நின்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.

முடித்தபின் ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். ‘வா, வா, வா’ என்று போகிறதா? அவர் உரக்கச் சொல்கிறார், நிறுவவில்லை. ‘சா, சா, சா’ என்று போகிறதா? தகவலைக் கொட்டியிருக்கிறார், அதனால் என்ன என்று சொல்லவில்லை. ‘வா’வுக்கும் ‘சா’வுக்கும் நடுவே ‘கா’ இல்லாத இடம்தான் பெரும்பாலும் கட்டுரை உடையும் இடம்.

ஒரு பத்தியை எடுத்துச் செய்து பார்ப்போம். நம் வகுப்புகளில் அடிக்கடி வரும் பொருள்தான்.

“மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்கள் அனைவரும் பட்டினி கிடக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் யாரும் கடலுக்குப் போக முடியாது. மீன் விலையும் ஏறிவிடுகிறது. ஆகவே தடைக்காலத்தை நீக்க வேண்டும்.”

உள்ளத்திலிருந்து வந்த பத்தி. எழுதியவர் கடற்கரை ஊர்க்காரராக இருந்தால் சொந்த வீட்டு வலியைத்தான் எழுதியிருப்பார். அதனால்தான் கவனமாகப் படிக்க வேண்டும், கவனிக்காமல் ‘நன்று’ போடுவது அந்த வலிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டாம் வரியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது கிழக்குக் கடற்கரைக்கான தடைக்காலம். நம் மாவட்டத்தில் சின்னமுட்டம் அதில் வரும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரை. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான், ஆனால் தேதி வேறு. ஆக ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் இருக்கிறது. “தமிழ்நாடு முழுவதும்” என்ற சொல் நிற்காது.

அதே வரியில் “யாரும்” என்று இருக்கிறது. தடை விசைப்படகுகளுக்கு. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் போகலாம். முதல் வரியில் “அனைவரும் பட்டினி” என்றது இப்போது ஆட்டம் காண்கிறது. அரசு தடைக்கால நிவாரணத் தொகை கொடுப்பதையும் பத்தி சொல்லவில்லை. தொகை போதவில்லை என்பது அவர் வாதமாக இருக்கலாம், ஆனால் அப்படி ஒன்று இருப்பதையே சொல்லாமல் விட்டால், அது தெரிந்த வாசகர் மற்ற வரிகளையும் சந்தேகிக்க ஆரம்பிப்பார்.

கடைசி வரியில் இதைவிடப் பெரிய தாவல். குடும்பங்கள் கஷ்டப்படுகின்றன, ஆகவே தடையை நீக்கு என்கிறார். ஏன் “ஆகவே நிவாரணத்தைக் கூட்டு” என்று வரக்கூடாது? மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால்தானே தடை வைத்திருக்கிறார்கள்? அந்தக் காரணத்தைத் தொடாமல் தடையை நீக்கச் சொன்னால், எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் கட்டுரையைக் கவிழ்த்துவிடும்.

இவ்வளவும் நாலு வரியில் இருக்கிறது. இதில் ஒன்றுகூட எழுத்துப்பிழை கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஒற்று மட்டும் தேடியிருந்தால் “சரியாக இருக்கிறது” என்று திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

5. சான்றைத் தட்டிப் பாருங்கள்

எல்லாச் சான்றையும் சரிபார்க்க உங்களுக்கு நேரம் கிடையாது. வாதம் எந்தச் சான்றின் மேல் நிற்கிறதோ அந்த ஒன்றிரண்டைப் பாருங்கள். எண், தேதி, “ஆய்வு சொல்கிறது” என்ற சொல், இந்த மூன்றும் வரும் இடங்களில் நில்லுங்கள். எந்த ஆய்வு, எந்த வருடம், யார் செய்தது? பதில் கட்டுரையில் இல்லையென்றால் ஓரத்தில் “எங்கிருந்து?” என்று எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை உண்மை என்று நம்பியே பலர் எழுதுகிறார்கள். நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, பழைய நாளிதழ் பார்க்கவும் ஒரு நூல் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்கவும் போகலாம். செலவு, பேருந்துக் கட்டணம் மட்டும்தான்.

இப்போதெல்லாம் ஏஐ கொடுத்த பத்தியை அப்படியே சேர்த்த கட்டுரைகளும் வருகின்றன. அவற்றில் இல்லாத நூலின் பெயரும் இல்லாத ஆய்வும் இருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் “இந்த நூலை எங்கே பார்த்தாய்? எனக்கும் வேண்டும்” என்று கேளுங்கள். அவர் தேடிப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும். அதேபோல, சக மாணவரின் கட்டுரையை அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் ஏஐயிடம் கொடுத்துக் கருத்து வாங்காதீர்கள். அவர் கேட்டது உங்கள் வாசிப்பை.

அது முன்னால் நடந்தது, இது பின்னால் நடந்தது, ஆகவே அதனால்தான் இது என்று சொல்லும் பொறியை நம் வகுப்புக் கட்டுரைகளில் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். “கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கன்னியாகுமரியில் கூட்டம் கூடியது, ஆகவே பாலத்தால் உள்ளூர்க்காரர்களின் வருமானம் உயர்ந்துவிட்டது” என்று எழுதியிருந்தால் என்ன கேட்பீர்கள்? விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் அந்த 77 மீட்டர் பாலம் திறக்கப்பட்டது 2024 டிசம்பர் 30 அன்று. சிலையின் வெள்ளிவிழாவும் அதே நேரத்தில்தான். அது சபரிமலைக்குப் போய்த் திரும்பும் பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வரும் பருவமும்கூட. கூட்டம் பாலத்தால் வந்ததா, விழாவால் வந்ததா, பருவத்தால் வந்ததா? கூட்டம் வந்தால் அந்தக் காசு யார் கைக்குப் போகிறது? பாசிமணி விற்கிறவருக்கா, விடுதிக்காரருக்கா? இந்தக் கேள்விகளை எழுதினால் போதும். பதிலை நீங்கள் தேட வேண்டாம்.

உள்ளூர் அனுபவத்தைச் சான்றாகக் கொடுத்திருந்தால் அதை மட்டம் தட்டாதீர்கள். தோவாளைக்காரர் ஒருவர், ஓணம் சமயத்தில் பூ விலை எப்படி ஏறுகிறது என்று தன் வீட்டுக் கணக்கை வைத்து எழுதினால் அது நல்ல சான்று. அதை வைத்து “தமிழ்நாட்டுப் பூ விவசாயிகள் எல்லாரும்” என்று விரித்தால் மட்டும் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் கடற்கரைக்காரர், வயல்காரர், மலைத்தோட்டக்காரர் எல்லாரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் எழுதியதில் ஊர்த்தகவல் தவறாக இருந்தால் அடுத்தவர் உடனே பிடிக்க முடியும். இந்த வசதி பெரிய நகரத்துக் கல்லூரிகளில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

6. எதிர்த்தரப்பில் நின்று பாருங்கள்

கட்டுரையின் முடிவோடு உங்களுக்கு உடன்பாடு என்றாலும், அதை மறுப்பவர் சொல்லக்கூடிய வலுவான மறுப்பை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். அப்புறம் கட்டுரையில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். சிலர் பலவீனமான மறுப்பு ஒன்றை எழுதி, அதைச் சுலபமாக அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். “சிலர் தடைக்காலம் தேவை என்கிறார்கள், அவர்களுக்கு மீனவர் வாழ்க்கை தெரியாது” என்பது மறுப்புக்குப் பதில் ஆகாது. இனப்பெருக்கக் காலம் என்ற காரணத்தை எடுத்துப் பேசினால்தான் ஆகும்.

முடிவோடு உடன்பாடு இல்லையென்றால்தான் கஷ்டம். நம் மாவட்டத்து வகுப்பறையில் எல்லா மதத்தவரும் உண்டு, எல்லாக் கட்சியும் உண்டு. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சாதி, தேர்தல் பற்றிய கட்டுரை கைக்கு வந்தால், உங்கள் நிலைப்பாட்டை எழுதும் இடமாகக் கருத்துத்தாளை ஆக்காதீர்கள். “எனக்கு இந்த முடிவில் உடன்பாடு இல்லை, ஆனால் வாதம் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்” என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டுத் தொடருங்கள். படிக்கவே முடியாத அளவு மனம் கொதித்தால் ஆசிரியரிடம் சொல்லி வேறு கட்டுரை மாற்றிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. கருத்துத்தாளை எழுதுவது

ஓரக்குறிப்புகளை அப்படியே கொடுக்காதீர்கள். இருபது குறிப்பு பார்த்தால் எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. பெரிய கருத்து மூன்று, அதற்கு மேல் வேண்டாம். அரைப் பக்கம் முதல் முக்கால் பக்கம் போதும்.

ஒவ்வொரு கருத்திலும் எந்த வரி, அதைப் படித்தபோது எனக்கு என்ன ஆனது, ஒரு கேள்வி, இந்த மூன்றும் இருக்கட்டும். மேலே பார்த்த கட்டுரைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“நீ கேட்டது: இரண்டாம் பத்தி நம்பும்படி இருக்கிறதா என்று.

எனக்குப் புரிந்த வாதம்: தடைக்காலம் மீனவர் குடும்பங்களைப் பாதிக்கிறது, அதனால் நீக்க வேண்டும்.

நன்றாக நின்ற இடம்: மூன்றாம் பத்தியில் ஐஸ் உடைக்கும் தொழிலாளி அந்த இரண்டு மாதம் என்ன செய்கிறார் என்று எழுதியது. படகில் போகாதவர்களுக்கும் வேலை நிற்கிறது என்பது எனக்கு அதில்தான் உறைத்தது.

1. இரண்டாம் பத்தி, இரண்டாம் வரி: ‘யாரும் கடலுக்குப் போக முடியாது’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். வள்ளம் போகிறதே. விசைப்படகுத் தொழிலாளர்களை மட்டும் சொல்கிறாயா? தேதியும் நம் மேற்குக் கரைக்கு வேறு.

2. அதே பத்தி, கடைசி வரி: கஷ்டம் என்பதிலிருந்து ‘நீக்க வேண்டும்’ என்பதற்கு எப்படிப் போனாய் என்று பிடிபடவில்லை. நிவாரணத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவருக்கு என்ன சொல்வாய்?

3. மீன் இனப்பெருக்கம் பற்றிக் கட்டுரையில் எங்கும் இல்லை. ஐஸ் தொழிலாளிக்கு நிவாரணம் கிடைக்கிறதா என்று விசாரித்தால் உன் வாதம் இன்னும் பலமாகும் என்று தோன்றுகிறது.”

இதில் பாராட்டும் இருக்கிறது. ‘நடை அருமை’ என்ற பொதுப்பாராட்டு யாருக்கும் பயன்படாது. எந்த வரி, ஏன் பிடித்தது என்று எழுதினால், திருத்தும்போது அதை வெட்டிவிடாமல் அவர் காப்பாற்றிக்கொள்வார். நல்ல பத்தியை எழுதியவரே நீக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

“இப்படி எழுது” என்று முழு வாக்கியத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். அது அப்படியே இறுதிப் பிரதியில் போய் உட்காரும், கட்டுரை இரண்டு பேர் குரலில் பேசும். இருவருக்கும் மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டு.

எழுத்துப்பிழை கடைசியில். எல்லாவற்றையும் வட்டமிட வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் ஒரு வகையை மட்டும் எடுத்து, “வல்லினம் மிகும் இடங்களை ஒருமுறை பார், முதல் பக்கத்தில் இரண்டு இடம் குறித்திருக்கிறேன்” என்றால் போதும். வாதம் மாறினால் அந்தப் பத்தியே போய்விடும், பிறகு அதில் ஒற்றுத் திருத்தியது வீண்.

பி.எட். வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்களைவிடப் பத்து வயது மூத்த அக்காவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ‘நீங்கள்’ போட்டு எழுதுங்கள், கருத்தின் கூர்மையைக் குறைக்க வேண்டாம். வயதுக்கு மரியாதை கொடுத்து ஓட்டையைச் சொல்லாமல் விட்டால், அந்த அக்கா மதிப்பெண் இழப்பார்.

8. நேரில் கொடுங்கள்

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். நாலு பேர் சுற்றி நிற்கும் உணவகம் வேண்டாம், நூலகத்துத் திண்ணையோ காலி வகுப்பறையோ போதும். நீங்கள் முழுதும் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் பதில் சொல்லாமல் குறிப்பெடுக்கட்டும். இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் கருத்திலேயே “இல்ல மக்கா, நான் சொல்ல வந்தது என்னன்னா…” என்று தொடங்கி நேரம் போய்விடும். அவர் வாயால் விளக்குவது நன்றாக இருந்தால் “இதைக் கட்டுரையில் எழுது” என்று சொல்லுங்கள். பல நேரம் கட்டுரையில் விடுபட்ட ‘கா’ அந்தப் பேச்சில்தான் வெளியே வரும்.

சில ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண்ணும் போடச் சொல்வார்கள். “நீ எனக்கு ஒன்பது போடு, நான் உனக்கு ஒன்பது போடுகிறேன்” என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். மதிப்பெண் பிரிப்புத் தாளை வைத்துப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதுங்கள். கேட்டால் காட்ட அது இருக்கும்.

9. உங்கள் கட்டுரைக்குக் கருத்து வரும்போது

வந்த கருத்துகளை ஏற்கிறேன், ஏற்கவில்லை, யோசிக்கிறேன் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஏற்காததற்கு ஒரு வரிக் காரணம் எழுதுங்கள். ஏற்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அவர்கள் சொன்ன காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அங்கே மறுபடி போய்ப் பாருங்கள். ஒருவர் “நீக்கு”, இன்னொருவர் “விரித்து எழுது” என்றால் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பத்தி உங்கள் வாதத்துக்கு என்ன செய்கிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

10. ஒப்படைக்கும்போது

இறுதிப் பிரதி மேலே, அதன் கீழே கருத்துத்தாள்கள், கடைசியில் முதல் வரைவு. இந்த வரிசையில் கட்டிக் கொடுங்கள். ஆசிரியர் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதன்படி. நீங்கள் எழுதிய கருத்துத்தாளுக்கும் மதிப்பெண் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால் உங்கள் பெயரும் பதிவெண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும், பெயரில்லாத தாள் கட்டில் கலந்தால் தேடி எடுக்க முடியாது. எல்லாவற்றையும் கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண் பலகையில் ஒட்டப்பட்டு, அதில் உங்கள் எண் சரியாக இருக்கிறது என்று பார்க்கும்வரை அந்தப் படங்களை அழிக்காதீர்கள்.